வேலூர் வெயிலில் சால்வியா: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போய்விடலாம். வேலூரில் கதிர் கதிராகப் பூக்கும் சால்வியாச் செடியை வளர்க்க ஆசை இருந்தால், நர்சரி வாசலில் கவர் கவராக அடுக்கியிருக்கும் குட்டைச் சிவப்பை வாங்காதீர்கள். காக்சினியா என்கிற உயரச் சிவப்பை விதை போட்டு எடுங்கள். ஊதா வேண்டுமென்றால் ஃபாரினேசியா. இந்த ஊருக்கு இவை இரண்டும் போதும். மற்றதெல்லாம் ஏலகிரியில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டவர்களுக்கும்.

நான் சத்துவாச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. செடிகளில் பாதி மாடித் தொட்டிகளில், மீதி கடை வாசலை ஒட்டி ரெண்டடி அகல மண்ணில். செடி விஷயத்தில் எனக்குப் படிப்பு கிடையாது. கலர் பார்க்கத் தெரியும், கத்தரி பிடிக்கத் தெரியும். சால்வியாவுக்கு இந்த ரெண்டுமே தேவைப்படும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் எந்தச் செடியைப் பற்றியும் பேச முடியாது. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். மரம்தான் இன்னும் மலைக்கு வந்து சேரவில்லை. பகலெல்லாம் பாறை வாங்கி வைத்த சூடு ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகும் இறங்காது. ஏப்ரலிலேயே 40 டிகிரியைத் தொட்டுவிடும். மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் மாதம் முடிகிற வரை மாடித் தரையில் வெறுங்கால் வைக்க முடியாது. எந்தச் செடிக்கும் இந்த ஊரில் மார்க் போடுவதென்றால் அந்த மாதத்தைப் பார்த்துத்தான் போடவேண்டும் என்பது என் கட்சி.

சால்வியாவை விற்கிறவர்கள் எல்லாரும் "நீண்ட நாள் பூக்கும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பொய் இல்லை, ஆனால் அது குளிர் நாட்டுக் கணக்கு. இங்கிலாந்தில் ஜூனில் தொடங்கி, முதல் உறைபனி விழும் அக்டோபர் நவம்பர் வரை விடாமல் பூக்கிற செடிக்கு அந்தப் பெயர். அங்கே செடிக்கு எமன் பனி. நமக்கு எமன் மே மாதம். அதனால் விதைப் பாக்கெட்டின் முதுகில் ஏப்ரலில் விதைக்கச் சொல்லி அச்சடித்திருந்தால் அந்த வரியைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆவணியில் விதைத்தால் கார்த்திகையில் முதல் பூ வரும், தை மாசியில் செடி உச்சத்தில் இருக்கும். பங்குனி முடிந்த பிறகும் எது நிற்கிறது என்பதுதான் இந்த மதிப்புரையே.

நர்சரியில் வெறுமனே "சால்வியா" என்று கேட்டால் கையில் கொடுப்பது ஸ்ப்ளென்டென்ஸ். ஒரு அடிக்குள் உயரம், தலை நிறையச் சிவப்பு. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி பெங்களூர் லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்குமே, அந்த மாதிரி இடங்களில் பாத்தி பாத்தியாக நிற்கிற ஜாதி இது. குங்குமச் சிவப்பு என்றால் இதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சிவப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதழ் மட்டுமல்ல, இதழைப் பிடித்துக்கொண்டிருக்கும் புல்லி வட்டமும் அதே சிவப்பு. இதழ் உதிர்ந்து நாளானாலும் கதிர் சிவப்பாகவே நிற்கும். விற்கிறவருக்கு வேறென்ன வேண்டும்? பூத்து முடித்த செடியையும் பூக்கிற செடி என்றே தள்ளிவிடலாம். வாங்கும்போது கதிரைக் கிட்டத்தில் பாருங்கள். குழல் குழலாக இதழ் நீட்டிக்கொண்டிருந்தால் பூ. வெறும் கிண்ணமாக இருந்தால் அதன் கதை முடிந்தது.

பெங்களூர் ரோட்டோரத்தில் உள்ள நர்சரி ஒன்றில் நடந்த பேச்சு இது. பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள்.

"இன்னா தம்பி, ஊதா கெடையாதா?"

"ஊதா போவாதுக்கா. செவப்புன்னா வண்டி வந்து எறங்குன அன்னிக்கே பூடும்."

"வெயிலு தாங்குமா?"

"ரெண்டு வேள தண்ணி ஊத்துக்கா, இன்னாத்துக்குத் தாங்காது?"

வண்டி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். பாதி ஓசூர், பாதி ஆந்திராவில் கடியம் என்றான். ஓசூர் கிட்டத்தட்ட பெங்களூர் மேடு, பெங்களூர் குளிர். அங்கே நிழல் வலைக்குள் பஞ்சு மாதிரி நார்க்கழிவில் வளர்ந்த பிள்ளையைக் கொண்டுவந்து தார் ரோட்டு ஓரத்தில் இறக்கினால் அது ரெண்டு வேளைத் தண்ணியால் சரியாகிற விவகாரமா? போதாததற்கு ஸ்ப்ளென்டென்ஸுக்குச் சொந்த ஊர் பிரேசில், ஈரமும் இளநிழலும் கேட்கிற பிறவி. அங்கே ஆள் மார்பு உயரம் வளரக்கூடிய செடியைத்தான் பாத்திக்காகக் குட்டையாக்கி வைத்திருக்கிறார்கள்.

கவர் 40 ரூபாய். மார்கழியில் வாங்கி, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்தால் பங்குனி வரை பூக்கும். பிறகு இலை விளிம்பு கருகும், சிவப்புச் சிலந்திப் பூச்சி ஏறி இலை வெளுக்கும், சித்திரை பிறந்ததும் தொட்டி காலி. பொங்கலுக்கு வாசலில் வைக்கத்தான் என்றால் 40 ரூபாய்க்கு மோசமில்லை. வருஷம் பூராவும் பூக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். பத்துக்கு நாலு.

இனி காக்சினியா. முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும், இதை ஒளிக்க விரும்பவில்லை. கதிரில் பூ நெருங்கி இருக்காது, அடுக்கடுக்காக இடைவெளி விட்டு நிற்கும். பூ ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் இருந்தால் அதிகம். புல்லி வட்டம் பச்சை, அல்லது கொஞ்சம் கருத்த அரக்கு. அதனால் இதழ் எத்தனை இருக்கிறதோ அத்தனைதான் சிவப்பு. செடி ரெண்டரையிலிருந்து மூணு அடி போகும், மழைக் காற்றுக்குச் சாயும், குச்சி நட்டுக் கட்டவேண்டி வரும். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ காட்டுச் செடி என்றுதான் தோன்றும். என் கடைக்கு வந்த ஒரு அம்மா, "இந்தக் களையெல்லாம் ஏன் கட்டி வெச்சிருக்க?" என்றே கேட்டுவிட்டார்.

ஆனால் நிற்கும். கத்திரியில் மதியம் இலை தொங்கும், சாயங்காலம் நிமிரும், மறுநாள் காலையில் இன்னொரு அடுக்கைத் திறக்கும். மே மாதத்தில் பூ சிறுத்துப்போவது உண்மை, எண்ணிக்கையும் குறையும். பூவே இல்லாத வாரம் என்று மட்டும் பெரிதாக இருக்காது. ஆடியில் ரெண்டு மழை பார்த்ததும் அடியிலிருந்து புதுக் கிளை வெடித்துக் கிளம்பும். மெக்சிகோ, டெக்சஸ், ஃப்ளோரிடா என்று வெயில் காய்கிற ஊர்களில் தானாகவே முளைத்துக் கிடக்கும் செடி இது, நம் வெயில் அதற்குப் புதிதில்லை. நம் நாட்டு மலைப் பக்கங்களில் தோட்டத்திலிருந்து தப்பிப்போய் வேலியோரத்தில் தானே குடும்பம் நடத்துகிற காக்சினியாவும் உண்டு.

விதைக்குப் பணம் செலவழிப்பது ஒரு தடவைதான். பிறகு தொட்டிக்கடியில், செங்கல் இடுக்கில், படிக்கட்டு மூலையில் எல்லாம் அதுவே முளைக்கும். ஆவணி கடைசியில் அந்தப் பிள்ளைகளைத் தோண்டி எடுத்துத் தொட்டியில் வைத்தால் வேலை முடிந்தது. விதை எடுத்து வைக்கவேண்டும் என்றால், காய்ந்து பழுப்பான புல்லிக் கிண்ணத்துக்குள் பாருங்கள், அதிகபட்சம் நாலு விதை இருக்கும். கதிரை ஒரு துணி மேல் கவிழ்த்துத் தட்டினால் போதும். எங்கள் வீட்டில் வெட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை.

வகை பார்த்து வாங்குகிறவர்களுக்கு: லேடி இன் ரெட் என்பது 1992-ல் அமெரிக்காவில் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் பரிசு வாங்கிய ரகம், காட்டு ரகத்தைவிடக் கட்டையாக, கிளை நெருக்கமாக வரும். சம்மர் ஜுவல் ரெட் அதே பரிசை 2011-ல் வாங்கியது, அது இன்னும் குட்டை, தொட்டிக்கு ஏற்றது. கோரல் நிம்ஃப் என்று ஒன்று, மேலிதழ் வெளுத்தும் கீழிதழ் பவளமுமாக ரெண்டு கலர். ஆரணிப் பட்டில் அந்த பவளத்துக்கு வெள்ளை ஜரிகை போட்டால் எடுபடாது என்பேன், செடியில் எடுபடுகிறது. சிவப்பையும் பவளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விதை எடுத்தால் அடுத்த வருஷம் கலர் கலந்து வரும். அதில் எனக்கு வருத்தமில்லை, ஒரே கலர் வேண்டும் என்கிறவர்கள் தள்ளித் தள்ளி வையுங்கள்.

காக்சினியா வாங்கினால் இன்னொன்று இலவசமாக வரும்: தேன்சிட்டு. அமெரிக்காவில் இந்தக் குழல் பூவுக்கு வாடிக்கையாளர் ஹம்மிங்பேர்ட், அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும் பறவை, அந்தக் கண்டங்களை விட்டு வெளியே கிடையாது. நம் ஊரில் அந்த வாடிக்கையைத் தேன்சிட்டு எடுத்துக்கொண்டது. இதற்குப் பெரும்பாலும் உட்கார்ந்து குடித்துத்தான் பழக்கம், அதனால் கதிர் வளைந்து வளைந்து நிமிரும். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு ஜாக்கெட் டெலிவரி தாமதமான கதையெல்லாம் உண்டு. கருவண்டு வேறு ரகம். பூவின் வாய்க்குள் போகாமல் குழலின் அடியில் பக்கவாட்டில் கீறித் தேனை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பூவுக்கு அதனால் ஒரு உபகாரமும் இல்லை. கீறல் விழுந்த பூக்களைப் பார்த்துப் புழு என்று நினைத்து மருந்தடிக்காதீர்கள்.

பத்துக்கு எட்டரை. ஒன்றரை போனது, கட்டிவைக்க வேண்டிய தொல்லைக்கும் தூரத்திலிருந்து எடுபடாததற்கும்.

ஃபாரினேசியாவுக்கு விக்டோரியா ப்ளூ என்ற ரகப் பெயர்தான் கடைகளில் புழக்கம். பெயரில் ப்ளூ இருக்கிறது, பூவில் இருப்பது கத்தரிப்பூ கலர், அதில் கொஞ்சம் நீலம் தூக்கல். ஆன்லைனில் ஒரு விதைக்காரர் போட்டிருந்த படத்தில் அசல் எம்.எஸ். ப்ளூ, எம்.எஸ். சுப்புலட்சுமி பட்டுப்புடவை நீலம்! அந்தப் படத்தை நம்பி வாங்கினால் பூ வந்த அன்றைக்குச் சண்டைதான். செடி மேல் குற்றமில்லை, படத்தைக் கம்ப்யூட்டரில் சாயம் போட்டவர் மேல்தான் குற்றம். சால்வியாவில் உண்மையான நீலம் வேண்டுமென்றால் அது பேட்டன்ஸ் என்கிற மெக்சிகோ ரகம், குளிர்ந்த இடத்துச் செடி, நம் மாடியில் அதை நினைத்துப் பார்க்க வேண்டாம்.

கலர் சண்டையை விட்டுவிட்டால் ஃபாரினேசியா தங்கமான செடி. ஒன்றரை, ரெண்டு அடி உயரம், தண்டிலும் புல்லியிலும் வெள்ளை மாவு பூசியிருக்கும், கதிர் நேராக நிற்கும், கட்ட வேண்டியதில்லை. வெள்ளையும் ஊதாவும் கலந்த ஸ்ட்ரேட்டா என்ற ரகத்தில் அந்த மாவு இன்னும் தூக்கலாகத் தெரியும். விதையிலிருந்து வருவது கொஞ்சம் மெதுவு. காக்சினியா மொட்டு வைக்கும்போது இது விரல் நீளம்தான் இருக்கும், பயந்துவிடாதீர்கள். பிடித்துக்கொண்டால் ரெண்டு மூணு வருஷம் அதே வேரில் நிற்கும். தேனீ இதைத்தான் அதிகம் தேடி வரும். பல சால்வியாக்களில் மகரந்தத் தாள் ஒரு நெம்புகோல் மாதிரி அமைந்திருக்கும். தேனீ உள்ளே தலையை நுழைத்து அடியைத் தள்ளினால் மேல் முனை கீழே இறங்கி அதன் முதுகில் மகரந்தத்தைத் தடவிவிடும். ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மன்காரர் 1793-லேயே இதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். அந்த ஏற்பாட்டை ஏமாற்றித்தான் கருவண்டு பக்கவாட்டில் வேலை செய்கிறது.

இதற்கு வெயில் பகையில்லை, தேங்கிய தண்ணி பகை. 2021 நவம்பரில் பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினதே, ஊரே பாலத்தில் போய் நின்று செல்ஃபி எடுத்ததே, அந்த மழையில் வாசல் மண்ணில் இருந்த ஃபாரினேசியா எல்லாம் அடி கருத்துச் சாய்ந்துபோனது. மாடித் தொட்டியில் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே ஓட்டை இருந்ததால் தண்ணி ஓடிவிட்டது. ஆற்றில் தண்ணி வந்தால் சந்தோஷப்படுகிற ஊரில் செடிக்காக யாரிடம் போய் அழுவது? எட்டு கொடுக்கிறேன். மழைக்காலத்தில் மேட்டில் வைக்க இடம் இருப்பவர்கள் ஒன்பது போட்டுக்கொள்ளலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிஸ்டிக் ஸ்பையர்ஸ், இண்டிகோ ஸ்பையர்ஸ் இரண்டும் ஃபாரினேசியா ரத்தம் கலந்த ஒட்டு ஜாதி. விதை கட்டாது, அதனால் பூப்பதை நிறுத்தத் தோன்றாது. வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி பெங்களூரிலிருந்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி எனக்குப் பிழைத்தது, நீளக் கதிர், நன்றாகவே பூக்கிறது. விதை இல்லாததால் கடையில் தேடினால் சுலபத்தில் கிடைக்காது, குச்சி கொடுக்க ஆள் வேண்டும். லூகாந்தா என்கிற வெல்வெட் ஊதா ஊட்டியில் பிரமாதம். பகல் குறையும் காலத்தில்தான் அது மொட்டு வைக்கும், மீதி மாதமெல்லாம் இலை. எங்கள் வெப்பத்தில் அது கொடியாக இழுத்துக்கொண்டு போனதே தவிர, பூ கண்ணில் பட்டதும் போனதும் ஒன்றாக இருந்தது. ரெண்டு மார்க், அதுவும் துணி மாதிரியான அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்ததற்கு. ஹாட் லிப்ஸ் என்று சிவப்பு வெள்ளை ரெண்டும் ஒரே பூவில் வருகிற ரகத்துக்கு இணையத்தில் ஏக மவுசு. குளிர், வெப்பத்துக்குத் தக்கபடி அந்தச் சிவப்பும் வெள்ளையும் ஏறி இறங்கும், ஆகவே படத்தில் இருக்கிறபடியே எல்லாப் பூவும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அமிஸ்டாட் என்ற கருஊதாவை 2005-ல் அர்ஜென்டினாவில் ரோலாண்டோ உரியா கண்டெடுத்தார், அதன் பிறகு இங்கிலாந்துத் தோட்டமெல்லாம் அதுதான். நான் வளர்க்கவில்லை, அதனால் மார்க் கிடையாது. இன்னொரு தகவல், ரோஸ்மேரியையும் 2017-ல் சால்வியா குடும்பத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சியா விதையும் சால்வியாதான். நம் துளசி, புதினா, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் பங்காளி முறை. தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், நாலு மூலையும் தெரியும்.

பங்காளி முறை விதைக்கும் உண்டு. சப்ஜா விதை தண்ணி பட்டதும் கொழகொழவென்று ஊறுமே, பல சால்வியா விதைக்கும் அந்தக் குணம். அதனால் குழித்தட்டில் நார்க்கழிவை முதலில் நனைத்துவிட்டு, விதையை மேலாகத் தூவி, லேசாக அழுத்திவிட்டுச் சும்மா இருங்கள். மண் போட்டு மூட வேண்டாம், வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும். குடத்தால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும், ஸ்ப்ரே பாட்டில்தான் சரி. பத்து, பதினைந்து நாளில் முளைப்பு தெரியும்.

மண் கலவையில் நான் பெரிய மந்திரம் எதுவும் வைத்திருக்கவில்லை. செம்மண், நன்றாக மட்கிய தொழு உரம், நார்க்கழிவு, தண்ணி இறங்க எம்-சாண்ட். வேப்பம் புண்ணாக்கு ஒரு பிடி. கடலைப் புண்ணாக்கைத் தாராளமாகக் கரைத்து ஊற்றினால் செடி இலையாகக் கொழுக்கும், பூ வராது. சால்வியாவைக் கொஞ்சம் பசியோடுதான் வைக்கவேண்டும். தண்ணிதான் எங்கள் பக்கத்துப் பெரிய தலைவலி. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு விவகாரம் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்காக சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது நாட்டுக்கே தெரியும். எங்கள் போர் தண்ணியில் எந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல முடியாது, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறது, அது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கவே கணக்காக வருகிறது. எனவே மழை பெய்தால் மாடித் தொட்டிகளை மூடாமல் நனைய விடுவேன், சேர்ந்த உப்பு கீழே இறங்கிப் போகும். ஸ்ப்ளென்டென்ஸ் உப்புக்கு முதலில் கருகும், காக்சினியா கடைசியில்.

கத்தரி வேலைதான் மிக முக்கியம், எல்லா நர்சரியும் சொல்லாமல் விடுவதும் அதுதான். நாற்று நாலு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு வராது, கிள்ளத்தான் வேண்டும், ஒற்றைக் கதிருக்குப் பதில் நாலு கதிர் வரும். பிறகு கதிரில் முக்கால்வாசிப் பூ விழுந்ததும் வெறும் காம்பை மட்டும் வெட்டாமல் கீழே முதல் நல்ல இலை ஜோடி வரை வெட்டவேண்டும், அந்தக் கணுவிலிருந்துதான் அடுத்த கதிர். இதைச் செய்கிற வீட்டில் சால்வியா நீண்ட நாள் பூ, செய்யாத வீட்டில் ஒரு மாதப் பூ. விதை கட்டிவிட்டால் செடிக்குத் தன் வேலை முடிந்தது என்று நினைப்பு வந்துவிடும். மாசிக் கடைசியில் செடியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து வெட்டிவிட்டால் பங்குனியில் புது வீச்சு வரும். வெட்டினதில் பூவில்லாத கிளை நுனிகளை ஈர மணலில் நட்டால் ரெண்டு மூணு வாரத்தில் வேர் பிடிக்கும். சித்திரையில் 50 சதவீத நிழல் வலை, காலையில் தண்ணி, இலையின் அடிப்பக்கத்துக்கும் சேர்த்து, சிலந்திப் பூச்சிக்கு அது பிடிக்காது. மே மாதத்தில் வெட்டவே வேண்டாம், உரமும் வேண்டாம், உயிரோடு இருக்கட்டும். தையல் கத்தரியைச் செடிக்குத் தொடக்கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம், செடிச் சாறு பட்டால் முனை மழுங்கும். இதற்கென்று 150 ரூபாயில் ஒரு செடிக் கத்தரி தனியாக இருக்கிறது.

எங்கள் தெரு ஆடுகள் செம்பருத்தியை மொட்டையடிக்கும், சால்வியாவை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப்போகும். வாசலில் வைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

குறைகளில் என் அத்தை சொல்வதைச் சேர்க்காவிட்டால் அவருக்குக் கோபம் வரும். "தலைக்கும் ஆவாது, சாமிக்கும் ஆவாது, கூட்டு வெச்சும் துன்ன முடியாது, இன்னாத்துக்கும்மா இது?" நியாயமான கேள்வி. சால்வியாவைத் தொடுக்க முடியாது, பறித்த கொஞ்ச நேரத்தில் இதழ் கழன்றுவிடும். வருஷம் முழுக்கப் பூ, வெயிலுக்கு அஞ்சக் கூடாது, தலையிலும் வைக்கவேண்டும் என்றால் கனகாம்பரம் வையுங்கள், அத்தையின் கனகாம்பரம் என் எந்த சால்வியாவையும் கத்திரியில் தோற்கடிக்கும். வாசலில் கலர் மட்டும் போதும் என்றால் நித்யகல்யாணிக்கு ஈடில்லை, அதற்குத் தண்ணி கூட ஞாபகம் வந்தால் ஊற்றினால் போதும். சால்வியா வாங்குவது தேன்சிட்டுக்காகவும் அந்தக் கதிர் அழகுக்காகவும். அந்த ரெண்டிலும் ஆசை இல்லாதவர்கள் 40 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம்.

நர்சரியில்தான் வாங்குவேன் என்கிறவர்கள் பூ நிறைய இருக்கிற கவரை எடுக்காதீர்கள். மொட்டு இப்போதுதான் தலைகாட்டுகிற, அடியிலேயே கிளை பிரிந்த, இலை கரும்பச்சையான செடி நல்லது. கவரை லேசாக அமுக்கிப் பாருங்கள், கல்லாக இறுகியிருந்தால் வேர் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாங்கி வந்த அன்றே மாடி வெயிலில் தூக்கி வைக்க வேண்டாம், ஒரு வாரம் மாடிப்படி நிழலில் இருக்கட்டும். ஊதா கேட்டால் இல்லை என்பார்கள், இருந்தாலும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அடுத்த வண்டியில் ஊதாவும் ஏறும்.

காக்சினியா விதை எனக்கு மிதமிஞ்சி இருக்கிறது. ஆவணி பிறந்ததும் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாய்விட்டுக் கேட்டால் ஒரு பொட்டலம் கட்டித் தருகிறேன். ஃபாரினேசியா கேட்காதீர்கள், எனக்கே பத்தாது.